கேட்டம்மா தோண்டிப் பார்த்த கிழங்கு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் துணித் தொழிற்சாலையின் பின்வாசல் கேட்டில் காவலுக்கு நிற்க ஆரம்பித்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவள் கேட்டம்மாதான். மாலைச் சங்கு ஊதியதும் தையல் பிரிவுப் பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருத்தியும் பையைத் திறந்து காட்டி, கைகளைத் தூக்கி, அவள் "திரும்பு" என்றதும் முதுகைக் காட்டி, அதன் பிறகே வீட்டுக்குப் போகலாம். அந்தத் "திரும்பு" முக்கியம். பையில் ஒளிப்பவள் கத்துக்குட்டி. விவரமானவள் நூல்கண்டை இடுப்பின் பின்பக்கம் செருகிக்கொள்வாள். முன்னாலிருந்து பார்த்தால் பச்சைப் பிள்ளை மாதிரி நிற்பாள்.

கேட்டம்மா பைகளைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. கழுத்தைத்தான் பார்ப்பாள். எதையாவது மறைத்து வைத்திருப்பவளின் கழுத்து, தலையில் தளும்புகிற ஒன்றைச் சுமப்பது போல விறைத்து நிற்கும். எத்தனை சிரித்துப் பேசினாலும் கழுத்து சிரிக்காது.

"என்ன, இன்னைக்குக் கொண்டை ரொம்பப் பெருசா இருக்கே?" என்று ஒருத்தியை நிறுத்துவாள்.

"முடி வளந்துருச்சு கேட்டம்மா."

"ஒரே பகல்லயா? என்ன எண்ணெய்னு சொல்லு, நானும் தேச்சுக்கறேன்."

வரிசையே சிரிக்கும். கொண்டைக்குள்ளிருந்து ஜிப் பொட்டலம் ஒன்று வெளியே வரும். முதல் தடவை என்றால் உள்ளே போய் வைத்துவிட்டு வரச் சொல்வாள். மறுபடியும் என்றால் மேலாளர் அறைதான். "எனக்கு உன்மேல கோவம் இல்லடி, சந்தேகம்தான்" என்பாள். அது சமாதானமா மிரட்டலா என்று யாருக்கும் தெரியாது.

வேலை முடிந்தால் சீருடையைக் கழற்றி மாட்டிவிடலாம். சந்தேகத்தை எங்கே மாட்டுவது? அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. பால் பாக்கெட்டை ஆட்டிப் பார்ப்பாள். கீரைக் கட்டைப் பிரித்து நடுவில் பழசு இருக்கிறதா என்று பார்ப்பாள். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் பையைக் கவிழ்ப்பாள். யாரோ கொடுத்த புது அழிப்பான், யாருடையதோ தெரியாத கைக்குட்டை, எல்லாவற்றுக்கும் விசாரணை உண்டு. வளர வளர மகள் அதை விளையாட்டாக்கிவிட்டாள். கல்லூரியிலிருந்து வந்தாலும் சரி, பிறகு வேலையிலிருந்து வந்தாலும் சரி, வாசற்படியில் நின்று இரண்டு கைகளையும் தூக்குவாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சுதும்மா. செக் பண்ணிக்கோ."

"திரும்பு" என்பாள் கேட்டம்மா. முகத்தில் சிரிப்பு இருக்காது. மகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே வருவாள்.

ஆனால் ஒன்று. வீட்டுக்குள் வருவதைத்தான் அவள் சோதித்தாள். வீட்டிலிருந்து வெளியே போவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஓர் இரும்பு அலமாரி. இதிலிருந்து யார் எதை எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?

அப்படிப் போனவன் ஒருவன் உண்டுதான். அவள் கணவன் லாரியில் சரக்கோடு போகிறவன். மகள் தவழ்கிற வயதில் ஒரு காலை, "சாயங்காலம் வந்துடறேன்" என்று சொல்லிப் போனான். கொடியில் தொங்கிய அவனுடைய இன்னொரு சட்டையும் அன்றே காணாமல் போயிருந்ததை அவள் கவனித்தபோது, அவனைத் தேடுவதையே நிறுத்தியிருந்தாள். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. கேட்டாலும், "போனவனைப் பத்தி என்ன பேச்சு?" என்று அடுப்பைத் துடைக்கப் போய்விடுவாள்.

மகள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வேதியியல் படித்து, குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பல ஊர்களிலிருந்து வரும் தண்ணீர்ப் புட்டிகளில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. "நானும் உன் வேலைதான்மா பாக்கறேன். என்ன, தண்ணி கையத் தூக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருடம் வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் இருந்த பழைய மோட்டார் அறையை இடித்தார். இடித்த இடத்தில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை கிடைத்தது. "ஏதாவது வெச்சுக்கங்க, சும்மா கிடந்தா குப்பை கொட்டுவாங்க" என்றார். அவர் ஏன் இவ்வளவு தாராளமாகிவிட்டார் என்று கேட்டம்மா ஒரு வாரம் யோசித்தாள். காரணம் பிடிபடவில்லை. சரி, மரம் வைப்போம் என்று முடிவு செய்தாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த நர்சரியில் ஊசியிலை மரக்கன்று ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். வெயிலானாலும் குளிரானாலும் ஒரே பச்சையாக நிற்கும் மரம். காலையில் போகும்போதும் நிற்கும், மாலையில் வரும்போதும் நிற்கும். அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

"மரம் வேண்டாம்மா" என்றாள் மகள். "டேலியா வைப்போம். கிழங்கு. தட்டு மாதிரி பெருசா பூக்கும்."

"பூத்து முடிச்சா?"

"மேல இருக்கறதெல்லாம் கருகிடும். கிழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். அடுத்த பருவத்துக்குத் திரும்ப வரும்."

"வரும்னு யாரு ஜாமீன்?"

"அம்மா! கிழங்குக்கு ஜாமீன் கேக்கறியா?"

"கண்ணு முன்னாடி நிக்கறதையே நம்ப முடியல. உள்ள போய்ப் படுத்துக்கறத எப்படிடி நம்பறது?"

மகள் விடவில்லை. மரத்தின் வேர் சுவரை விரிசல் விடவைக்கும் என்றாள். வளர்ந்தால் ஜன்னலை மறைக்கும் என்றாள். சாப்பிடும்போதும் அதே பேச்சு, துணி மடிக்கும்போதும் அதே பேச்சு. கேட்டம்மாவுக்கு இங்கேதான் உறுத்த ஆரம்பித்தது. ஒரு செடிக்கு இத்தனை வக்காலத்தா? வாடகை ஏறினபோதுகூட இவள் இப்படி வாதாடவில்லையே?

"மரம்னா முதல் ரெண்டு வருஷம் விடாம தண்ணி ஊத்தணும்மா. நீ காலைல போனா சாயங்காலம் வர்றே. யாரு ஊத்துவா?" என்றாள் மகள்.

"ஏன், நீ ஊத்த மாட்டியா?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நானா? ஊத்துவேன். ஊத்தாம என்ன?" என்று சிரித்தாள்.

கேட்டம்மா நிமிர்ந்து பார்த்தாள். மகளின் கழுத்து விறைத்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரர் வாய் ஓயாத மனிதர். பச்சை வலைக்கூரையின் கீழே ஊசியிலைக் கன்றை அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்து, அதன் தலையைத் தடவினார்.

"இது மரம் இல்ல மேடம், சொத்து. வருஷம் பூரா பச்சை. ஒரு இலை கீழ விழாது."

கேட்டம்மா அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, கன்றின் உள்கிளைகளை விலக்கினாள். தண்டை ஒட்டிய கிளைகளில் பழுப்பு ஊசிகள் சிக்கிக் கிடந்தன. தொட்டியின் மண்மேல் ஒரு விரல் கனத்துக்கு அதே பழுப்பு.

"இது என்ன நிறம்?"

"அது... பழசு மேடம்."

"எந்த மரத்தோட பழசு? பக்கத்து மரம் வந்து கொட்டிட்டுப் போச்சா?"

மகள் சிரித்துவிட்டாள். "எல்லா மரமும் உதிர்க்கும்மா. இது மொத்தமா உதிர்க்காது, அவ்வளவுதான். உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா உதிர்த்துட்டு வெளிய பச்சையா நிக்கும். யாருக்கும் தெரியாது."

"அப்ப இது திருட்டு மரம்."

"பாத்தியா? கிழங்கு அப்படி இல்ல. போறப்ப எல்லார் முன்னாடியும் கருகி, சொல்லிட்டுத்தான் போகும்."

சொன்ன மகள் சட்டென்று திரும்பி, வேறு தொட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நர்சரிக்காரர் மரத்தை நகர்த்திவிட்டு மரத்தூள் நிரப்பிய பெட்டியிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். வற்றிய விரல்கள் சேர்ந்தாற்போல இருந்தது. கேட்டம்மா அதை வாங்கி முகர்ந்தாள், அழுத்தினாள், காதருகே ஆட்டினாள்.

"இது உயிரோடதான் இருக்கா?"

"தூங்குது மேடம்."

"தூங்கறதுக்கும் செத்ததுக்கும் என்ன அடையாளம்?"

"இதோ பாருங்க, கழுத்துல சின்னதா ஒரு புடைப்பு. இதுதான் கண்ணு. இங்கருந்துதான் முளை வரும். கழுத்து ஒடிஞ்சா அந்தக் கிழங்கு போச்சு. வெச்சுட்டு மறந்துடணும். சும்மா சும்மா நோண்டக் கூடாது."

நோண்டக் கூடாது என்று ஒருவன் ஏன் முன்கூட்டியே சொல்கிறான்? கேட்டம்மா அதை மனதில் குறித்துக்கொண்டாள். ஆனாலும் கிழங்கைத்தான் வாங்கினாள். மரத்தின் குட்டு வெளிப்பட்டுவிட்டது. கிழங்கின் குட்டு இன்னும் வெளிப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அந்தப் பிடியும் சரியாகப் படவில்லை. ஒரு கிழங்கு வாங்கிக் கொடுத்ததற்கு இத்தனை பிரியமா?

அன்றே மண்ணைக் கிளறி, கண் மேலே இருக்கும்படி மகள் கிழங்கை வைத்து மூடினாள். மறுநாள் மாலை கேட்டம்மா வேலையிலிருந்து வந்தபோது மண் வெறும் மண்ணாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. உள்ளே இருக்கிறதா? எலி இழுத்துக்கொண்டு போயிருந்தால்? அழுகியிருந்தால்? மகள் வர இன்னும் நேரம் இருந்தது. சமையல் மூலையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்து பதமாகத் தோண்டினாள். இருந்தது. அழுத்திப் பார்த்தாள், முகர்ந்தாள், திரும்ப வைத்து மூடி, மேல் மண்ணைக் கையால் தடவிச் சமன் செய்தாள். தோண்டிய தடமே தெரியவில்லை. மற்றவர்கள் மறைப்பதை இத்தனை வருடம் பார்த்தவளுக்கு மறைக்கத் தெரியாதா?

பிறகு அது பழக்கமாகிவிட்டது. மகள் வருவதற்கு முன்னால் ஒரு தடவை தோண்டிப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு அடங்கும். அப்படி ஒரு மாலை அவசரத்தில் கரண்டியின் விளிம்பு இடறியது. லேசாக ஒரு சத்தம். கொத்தில் பெரியதாக இருந்த கிழங்கின் கழுத்து பாதி ஒடிந்து தொங்கியது.

கேட்டம்மா அதைக் கையில் தாங்கிப் பிடித்தாள். கட்டி வைத்தால் ஒட்டிக்கொள்ளுமோ? நூல் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து நூல் நுனிகூட எடுத்து வந்தவள் இல்லை அவள். அந்த வீட்டில் நூல் என்றால் அலமாரியில் மகளின் தட்டில் இருக்கும் ஊசிநூல் டப்பாதான். மண் கையோடு அலமாரியைத் திறந்து, மகளின் மடித்த துணிகளுக்குப் பின்னால் கையை விட்டாள்.

பின்னால் துணி இல்லை.

முன்வரிசையில் எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. அதற்குப் பின்னால் பழைய செய்தித்தாள்கள், துணி மடிப்பின் உயரத்துக்கே கச்சிதமாக மடித்துச் சொருகியிருந்தன. கம்பளிச் சட்டை இல்லை. புத்தகங்கள் இல்லை. பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம், சட்டத்தோடு இல்லை. வெளியே பச்சை, உள்ளே பழுப்பு. கேட்டம்மா அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். எத்தனை நாளாக நடக்கிறது இது? தினமும் கையைத் தூக்கிக் காட்டி உள்ளே வந்தவள், தினமும் பையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோயிருக்கிறாள். ஒரு தொழிற்சாலையையே காவல் காத்தவளின் மூக்குக்குக் கீழே.

நூலை எடுத்தாள். கிழங்கின் கழுத்தைக் கட்டினாள். மண்ணை மூடினாள். மகள் வந்து கையைத் தூக்கியபோது, "திரும்பு" என்று வழக்கம் போலச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் நினைப்பு ஓடாத இடமில்லை. யாரவன்? எந்த ஊர்? நல்லவனா? ஒருவேளை ஆளே இல்லையோ? ஆளே இல்லாமல் ஒருத்தி ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும்? அப்படியானால் அது யாரால்? அந்தக் கேள்வி வந்தபோது அவள் வேறு வேலை பார்க்கப் போனாள்.

மறுநாள் மாலை தொழிற்சாலை வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒருத்தி கைகளைத் தூக்கியபடியே நின்றாள்.

"கேட்டம்மா, திரும்பணுமா வேண்டாமா? கை வலிக்குது."

"போ."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போன்னு சொன்னேன்ல."

அவள் போன பிறகுதான், அவள் இடுப்பு கொஞ்சம் புடைத்திருந்ததோ என்ற நினைப்பு வந்தது. அன்று அதைத் துரத்திப் போகவில்லை.

அதற்கு அடுத்த காலை மகள் வேலைக்குக் கிளம்பினாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைக்கும் சாக்கில் கேட்டம்மா பையின் அடியைத் தாங்கிப் பார்த்தாள். கை சொன்னது: மெத்தென்று, சுருட்டியது, போர்வை. "பையைத் திற" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். திறந்துவிட்டால் என்ன ஆகும்? மகள் கொண்டைக்காரி மாதிரி முகம் சிறுத்து நிற்பாள். உள்ளே போய் வைத்துவிட்டு வா என்று சொல்லலாம். வைத்துவிட்டு வருவாள். அப்புறம்?

"மெதுவா போ" என்று மட்டும் சொன்னாள்.

மாலை மகள் வாசற்படியில் கைகளைத் தூக்கினாள். கேட்டம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்னம்மா, செக் பண்ணலையா?"

"வரும்போது செக் பண்ணி என்ன பிரயோஜனம்?"

மகளின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெதுவாக இறங்கின. அவள் படியிலேயே உட்கார்ந்தாள்.

"எப்ப கண்டுபிடிச்சே?"

"எப்படின்னு கேக்காம எப்பன்னு கேக்கறே பாரு, திருடி. யாரவன்?"

"அவனும் இல்ல, இவனும் இல்லம்மா. வேலைதான். மலை அடிவாரத்துல அணைக்கட்டு பக்கம் புதுசா ஒரு கூடம் திறக்கறாங்க. என்னைப் பொறுப்பா போட்டிருக்காங்க. ரயில்ல ஒரு பகல் பூரா போகணும். அங்கேயே தங்கற இடம். சாமானெல்லாம் ஆபீஸ் லாக்கர்ல வெச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை ரயில்."

"ஞாயித்துக்கிழமை. நான் எப்ப தெரிஞ்சுக்கறதா இருந்தேன்? திங்கக்கிழமையா?"

"தினமும் சொல்லணும்னுதான் வருவேன். வாசல்ல நீ திரும்புன்னு சொல்லுவே. அப்படியே சுத்திட்டு உள்ள வந்துடுவேன்."

"அவரும் சாயங்காலம் வந்துடறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

மகள் அப்பாவைப் பற்றி அம்மா வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கேள்வி கேப்பேன்னு பயந்தியா?" என்றாள் கேட்டம்மா.

"இல்லம்மா. கேக்காம, சரி போன்னு சொல்லிட்டு மூலைல போய் உக்காந்துப்பியோன்னு பயந்தேன். அப்படி ஆச்சுன்னா என்னால போகவே முடியாது."

கேட்டம்மா முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். மகள் படியிலிருந்து எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பினாள்.

"இதென்ன, நகத்துல?"

"என்ன? அழுக்கு."

"கேட்ல நிக்கறவளுக்கு நகத்துல மண்ணா? அம்மா, தோண்டினியா?"

"சும்மா... இருக்கான்னு பாத்தேன்."

"எத்தனை தடவை?"

கேட்டம்மா கையை இழுத்துக்கொண்டாள். மகள் வெளியே போய்க் கரண்டியால் மண்ணை விலக்கினாள். நூல் கட்டிய கழுத்தைப் பார்த்தாள். அந்த நூல் எந்த டப்பாவில் இருந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. திட்டுவாள் என்று கேட்டம்மா காத்திருந்தாள். மகள் மற்ற கிழங்குகளின் கழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு மண்ணை மூடினாள்.

"மத்ததுக்குக் கண்ணு இருக்கு. ஆனா இன்னொரு தடவை தோண்டினே, ஒண்ணும் மிஞ்சாது. நான் போனதும் தோண்டமாட்டேன்னு சொல்லு."

"நீ சொல்லாம போக மாட்டேன்னு சொன்னியா?"

"இப்ப சொல்லிட்டேன்ல?"

"மாட்டிக்கிட்டு சொல்றது சொல்றதாடி?"

"சரி, மாட்டிக்கிட்டவ கேக்கறேன். தோண்டாதேம்மா."

கேட்டம்மா, "பாக்கலாம்" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய வாக்கு.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கேட்டம்மாதான் அடுக்கினாள். மகள் கடைசியாக வைத்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, பிரித்து, திரும்ப மடித்து வைத்தாள். மகள் தடுக்கவில்லை. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன. நடைமேடையில் இருந்தவர்கள் டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தாள். அலமாரியில் செய்தித்தாள்கள் அப்படியே இருந்தன. எடுத்துப் போட மனம் வரவில்லை. அடுத்த வாரம் முழுக்க வாசல் மண்ணைக் கடந்துதான் வேலைக்குப் போனாள், கடந்துதான் வந்தாள். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அழுகுகிறதா, தூங்குகிறதா? அங்கே அவள் சாப்பிட்டாளா? "நல்லா இருக்கேம்மா" என்று தினமும் தொலைபேசியில் சொல்கிறாள். நன்றாக இருப்பவர்கள் தினமும் ஏன் அதைச் சொல்கிறார்கள்?

வாரக் கடைசியில் ஒரு மாலை பொறுக்க முடியவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரே ஒரு தடவை, ஓரமாக, கழுத்தைத் தொடாமல் பார்த்தால் என்ன? குனியப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. அவசரமாகக் கரண்டியை மறைத்துக்கொண்டு எடுத்தாள். திரையில் மகள். பின்னால் வெள்ளைச் சுவர், கொக்கியில் அந்தக் கம்பளிச் சட்டை.

"எங்கம்மா நிக்கறே? வாசல்லயா?"

"காத்து வாங்கறேன்."

"காத்து?" மகள் திரையை நெருங்கினாள். தண்ணீர்ப் புட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள். "கழுத்து ஏம்மா அப்படி விறைச்சிருக்கு?"

"யாரு கழுத்து? படுத்தது சரியில்ல."

"போனை ஜன்னல்ல வை. கையைத் தூக்கு."

"விளையாடாதேடி."

"தூக்கும்மா."

கேட்டம்மா தொலைபேசியை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார்.

"கிட்ட வா. நகத்தைக் காட்டு. ம்... மண்ணு இல்ல."

"இல்லன்னுதானே சொல்றேன்."

"தோண்டல?"

"தோண்டல."

"சரி. திரும்பு."

கேட்டம்மா நின்றாள். அந்தச் சொல்லை இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"திரும்பும்மா."

தூக்கிய கைகளோடு அவள் மெல்லத் திரும்பினாள். இடுப்பின் பின்பக்கம் செருகியிருந்த கரண்டி, ஒரு துளி மண் படாமல், பளபளவென்று இருந்தது.